பழைய வீடு வாங்கியாச்சு, சொத்து வரி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்: பில்லில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெரம்பூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களுக்கு முன்பு பெரம்பூரில் 800 சதுர அடியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்கினோம். பத்திரப்பதிவு முடிந்தது, வில்லங்கச் சான்றும் சுத்தம். ஆனால் சொத்து வரி பில் இன்னும் விற்றவர் பெயரில்தான் வருகிறது. தொகையும் அதிகமாகத் தெரிகிறது. மேல்மாடியில் அதே அளவு வீட்டில் இருப்பவர் எங்களைவிட அரையாண்டுக்கு ஏறக்குறைய 1,900 ரூபாய் குறைவாகக் கட்டுகிறார். இந்த வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இப்போதைக்குக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதா, கேட்டுவிட்டுக் கட்டுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பில் கலெக்டர்:
தம்பி, முதலில் கட்டுங்கள். அப்புறம் கேளுங்கள். தாமதமானால் மாதத்துக்கு 1 விழுக்காடு தனிவட்டி ஏறும். கட்டியதால் கேட்கும் உரிமை போய்விடாது. கூடுதலாகக் கட்டியது உறுதியானால் அடுத்த அரையாண்டில் சரிக்கட்டக் கேட்கலாம்.

அரையாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அப்புறம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழித்துக்கொள்வார்கள். உச்சவரம்பு 5,000 ரூபாய். நடுத்தர வீட்டுக்கு நூற்றுச் சொச்சம், இருநூறு மிச்சமாகும். சும்மா வருகிற பணத்தை ஏன் விட வேண்டும்?

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். அதில் மூன்றைப் பாருங்கள். பெயர், பரப்பளவு, பயன்பாடு. பெயர் தவறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது மூன்றாவது. முழு வீடும் குடியிருப்பு என்று இருக்கிறதா, அல்லது ஒரு பகுதி 'குடியிருப்பு அல்லாதது' என்று இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காவிரிக்கரை:
வரி கட்டு, வரி கட்டு என்கிறீர்கள். எதற்காக? 2022 ஏப்ரலில் ஒரே அடியாக ஏற்றினார்கள். என் வீடு 1,900 சதுர அடி, அப்பா காலத்துக் கட்டடம். வரி இரண்டு மடங்கு. எங்கள் ஊர் (பெயர் வேண்டாம்) தெருவில் மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பெரிய வீடு இருந்தால் கையில் காசும் இருக்கும் என்று யார் சொன்னது? ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். கூட்டுக் குடும்பமாக இருந்தபோது கட்டிய வீடு, இப்போது நானும் மனைவியும் மட்டும்.

பெரம்பூர்வாசி:
ஐயா, பார்த்துவிட்டேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. 150 சதுர அடி 'குடியிருப்பு அல்லாதது' என்று இருக்கிறது. விற்றவர் முன்னறையில் தையல் கடை நடத்தியிருக்கிறார். அதை நாங்கள் வாங்கும் முன்பே எடுத்துவிட்டார்கள். இப்போது அது எங்கள் கூடம்.

பழைய பில் கலெக்டர்:
அப்படியானால் கணக்கு பிடிபட்டுவிட்டது. பெரம்பூர் பழைய சென்னை மாநகராட்சிப் பகுதி (2011-இல் புறநகர்கள் சேரும் முன்பே இருந்தது), அதனால் அந்தப் பழைய முறையில் போட்டுக் காட்டுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று. குடியிருப்புக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை, கடை, அலுவலகத்துக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. சந்தை வாடகைக்கும் இதற்கும் தொடர்பில்லை, வரிக்காக வைத்திருக்கும் மதிப்பு இது. பரப்பளவை இதால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு.

12 மாதம் இருக்க 10.92 எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். 12-இல் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு என்று 1.2-ஐத் தனியே வைப்பார்கள். மீதி 10.8 கட்டடத்துக்கு. அதில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் தேய்மானத்துக்கும் கழித்தால் 9.72. நிலத்தின் 1.2-ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92.

உங்கள் வீட்டுக்குத் தெரு மதிப்பு குடியிருப்புக்கு 2 ரூபாய், கடைக்கு 5 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம் (உங்கள் தெருவின் உண்மை மதிப்பைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்). முழுதும் குடியிருப்பு என்றால் 800 × 2 = 1,600. ஆண்டு மதிப்பு 17,472. ஆண்டு மதிப்பு 5,000-க்கு மேல் போனால் அரையாண்டு வரி, கல்வி வரியும் நூலக வரியும் சேர்த்து 12.4 விழுக்காடு. ஆக 2,167 ரூபாய். இது 2022-க்கு முந்தைய தொகை. 2022 உயர்வைப் பழைய தொகையின் மேல்தான் ஏற்றினார்கள். பழைய சென்னையில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 75 விழுக்காடு. 3,791 ஆகிறது. 2024 அக்டோபரில் இன்னொரு 6 விழுக்காடு. 4,019.

இப்போது தையல் கடையோடு. 650 சதுர அடி குடியிருப்பு, 150 கடை. குடியிருப்புப் பகுதியின் பழைய வரி 1,760, 75 விழுக்காடு ஏற்றினால் 3,080. கடைப் பகுதி 150 × 5 = 750, அதன் பழைய வரி 1,016. கடைக்கு 2022-இல் 150 விழுக்காடு உயர்வு, அதனால் 2,539. கூட்டினால் 5,619, 6 விழுக்காடு சேர்த்தால் 5,956. மேல்மாடிக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சொந்தக்காரரே குடியிருந்தால் தள்ளுபடி, கட்டடம் பழையதானால் தள்ளுபடி என்பதெல்லாம் தனி. அதனால் ரூபாய் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் வித்தியாசம் வந்த வழி இதுவே.

ஆக, நீங்கள் இனி இரண்டு மனு கொடுக்க வேண்டும். ஒன்று பெயர் மாற்றம், இன்னொன்று பயன்பாட்டு மாற்றம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள், ஒன்று முடிந்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். பயன்பாட்டு மனுவோடு முன்னறையின் படங்கள், வீட்டு மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருப்பதைக் காட்டும் பில், நீங்கள் வாங்கிய தேதி காட்டும் பத்திர நகல், எல்லாம் வையுங்கள். வந்து அளப்பார்கள். அளக்கும்போது வீட்டில் இருங்கள், அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குத்தம்பி:
ஐயா எழுதியது அருமை. ஒன்று சேர்க்கிறேன். பத்திரம் பதிந்துவிட்டால் எல்லா இடத்திலும் பெயர் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரம் பதிவுத் துறை, பட்டா வருவாய்த் துறை, சொத்து வரி உள்ளாட்சி. மூன்றும் மூன்று பதிவேடு. ஒவ்வொன்றிலும் மாறியதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வில்லங்கச் சான்றில் சொத்து வரி பாக்கி தெரியாது. ஆனால் பாக்கி சொத்தின் மேல்தான் நிற்கும், சட்டப்படி அது அந்தக் கட்டடத்தின் மீதான முதல் பொறுப்பு. விற்றவர் கட்டாமல் போனால் உங்களிடம்தான் கேட்பார்கள். பழைய வீடு வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே பில் எண்ணை வாங்கி, மாநகராட்சி இணையதளத்தில் பாக்கி எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். சென்னை பில் எண்ணில் மண்டலம், கோட்டம், பில், துணை எண் என்று வரிசையாக இருக்கும். மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளில் அசெஸ்மென்ட் எண் (வரி விதிப்பு எண்) போதும்.

வாடகைக்கு விட்டவர்களுக்கு: அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரியை வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் 30 விழுக்காடு நிலையான கழிவு. ஆனால் உரிமையாளர் உண்மையில் கட்டியிருக்க வேண்டும், பாக்கி வைத்ததைக் கழிக்க முடியாது. குடியிருப்பவர் கட்டினாலும் உங்களுக்குக் கிடைக்காது. மார்ச் 31-க்குள் கட்டுவதா, ஏப்ரலில் கட்டுவதா என்பது இதனால் முக்கியம்.

காவிரிக்கரை:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வரி ஏற்றம் நியாயமா?

பழைய பில் கலெக்டர்:
காவிரிக்கரை ஐயா, உங்கள் கோபத்தை நான் தள்ளிவைக்கவில்லை. நான் பார்த்த வேலையிலேயே இந்தக் கோபத்தை நேரில் வாங்கியவன். ஆனால் இரண்டு செய்தியைப் பிரித்துப் பாருங்கள்.

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் 2022 வரை பொதுவான வரி மாற்றம் நிலைக்கவில்லை. 2018-இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் நிறுத்தினார்கள். அவ்வளவு ஆண்டில் துப்புரவுப் பணியாளர் சம்பளம், டீசல், மின்சாரம், தார் எல்லாம் ஏறின. அதோடு 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச மதிப்பை அறிவித்து, மாநில வளர்ச்சியோடு சேர்த்து உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடைக்கும் என்று. 2022 உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் உங்களை அடித்தது. சென்னைக்கு வெளியே மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சின்ன வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கம் சரி. ஆனால் வீட்டின் அளவைப் பார்த்தார்கள், வருமானத்தைப் பார்க்கவில்லை. ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு இது சுமைதான். ஆண்டுக்குச் சிறிதாக ஏற்றினால் தாங்கலாம் என்பது என் கருத்து. அதனால் அந்த 6 விழுக்காட்டை நான் எதிர்க்கவில்லை.

காவிரிக்கரை:
நீங்கள் எதிர்க்கவில்லை, ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஏறப்போவது யாருக்கும் தெரியாமலே நடக்கும். 100 விழுக்காடு என்றால் ஊர் கூடிச் சத்தம் போடுகிறது. 6 என்றால் யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டு ஆண்டில் அதுவும் இரண்டு மடங்குதான். சாக்கடை தூர்வாரியதா என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டினால் நானும் 6 விழுக்காட்டை மகிழ்ச்சியாகக் கட்டுகிறேன்.

அம்பத்தூர் அக்கா:
அதைத்தான் நானும் சொல்வேன். நாங்கள் அம்பத்தூர். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னையோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளின் வீடுகளுக்கு 2022-இல் தனி உயர்வு அளவு: 25, 50, 75, 100 விழுக்காடு. பழைய சென்னைக்கு 50, 75, 100, 150. ஒரே மாநகராட்சிக்குள் இரண்டு அளவு ஏன் என்று பெரம்பூர்க்காரர் கேட்கலாம். எங்களுக்குச் சாலையும் கழிவுநீர்க் குழாயும் பின்னால்தான் வந்தன என்பதுதான் என் பதில்.

2018 பற்றிச் சொன்னீர்களே, அந்த உயர்வில் நாங்களும் கட்டினோம். நிறுத்தியபோது கூடுதலாகக் கட்டியதைப் பிறகு வந்த அரையாண்டுகளில் கழித்தார்கள். பழைய ரசீதை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருந்ததால் எவ்வளவு கழிய வேண்டும் என்று சரிபார்க்க முடிந்தது. இணையத்தில் கட்டினாலும் ரசீதைப் பதிவிறக்கி வையுங்கள்.

காவிரிக்கரை அண்ணா, கணக்குக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. 2022-க்குப் பிறகு ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைகள் (அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள்) இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் கூடியபோது போனேன். வந்தவர்கள் ரொம்பக் குறைவு. கவுன்சிலரிடம் நேருக்கு நேர் கேட்டோம், எழுதி வாங்கிக்கொண்டார். மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடந்தது மாறியது. எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் அங்கே ஐம்பது பேர் போய் உட்கார்ந்தால் நிலைமை வேறு.

வில்லிவாக்கம் வாசகி:
பில்லில் 'நூலக வரி' என்று ஒரு வரி வருகிறதே, அதைக் கழிக்க முடியாதா?

பழைய பில் கலெக்டர்:
முடியாது அம்மா. பொதுச் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஊக்கத்தொகைக் கணக்கிலும் அது வராது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். உங்கள் தெரு முனைக் கிளை நூலகத்துக்கு வரும் செய்தித்தாளும் புத்தகமும் இந்தக் காசில்தான். என்னைக் கேட்டால் பில்லில் உள்ள எல்லா வரிகளிலும் மனம் கோணாமல் கட்ட வேண்டியது இதுதான்.

சிங்கப்பூரிலிருந்து:
வேறு ஒரு சந்தேகம். எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா இறந்துவிட்டார். தீர்வை (வீட்டு வரி) ரசீது இன்னும் அவர் பெயரில். ஊரில் இருக்கும் தம்பி, தன் பெயருக்கு மாற்றிவிடுகிறேன், கட்ட வசதியாக இருக்கும் என்கிறான். நாங்கள் மூன்று பேர், அக்காவும் இருக்கிறார். மாற்றினால் வீடு அவனுக்குப் போய்விடுமா?

ஊராட்சி நண்பன்:
போகாது அண்ணா. வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் போகாது என்பதால் விட்டுவிடவும் கூடாது. ஒருவர் பெயரில் பல ஆண்டு ரசீது ஓடினால், அதை வைத்து மின் இணைப்பு மாறும், நத்தம் பட்டாவுக்கு (ஊர்க் குடியிருப்பு நிலத்தின் பட்டா) மனு போகும், பேரப்பிள்ளைகள் காலத்தில் அதுவே சண்டைக்குக் காரணமாகும். இதை நான் கிராமத்தில் கண்ணால் பார்க்கிறேன்.

சரியான வழி: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து மூன்று பேர் பெயரிலும் சேர்த்து மாற்றக் கேளுங்கள். தம்பிக்கே வீட்டை விட்டுக்கொடுக்க நீங்களும் அக்காவும் மனமொப்பினால் விடுதலைப் பத்திரம் பதியுங்கள், பிறகு அவர் பெயருக்கு மாறட்டும். பணம் கட்டுவதற்குப் பெயர் மாற வேண்டிய அவசியமே இல்லை. அப்பா பெயரிலேயே யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஊராட்சி வரிகளுக்கும் இப்போது இணையதளம் இருக்கிறது, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்து வரி எண்ணைப் போட்டால் சிங்கப்பூரிலிருந்தே பாக்கி தெரியும்.

கிராமத்தில் கணக்கும் வேறு. கூரை, ஓடு, கான்கிரீட் என்று வீட்டின் வகையும் பரப்பும் பார்ப்பார்கள். அப்பா காலத்தில் ஓட்டு வீடாகப் பதிந்தது, பின்னால் மாடி கட்டியிருந்தால் பதிவேட்டில் மாறியிருக்காது. அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:
நன்றி தம்பி. நான் அக்காவிடம் இன்றே பேசுகிறேன். மூன்று பேர் பெயரும் சேர்வதில் தம்பிக்கு வருத்தம் வராமல் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை.

அம்பத்தூர் அக்கா:
தம்பியைச் சந்தேகப்படுவதாகச் சொல்லாதீர்கள். அக்காவை முன்வைத்துச் சொல்லுங்கள், "அக்கா பெயரும் அப்பா வீட்டில் இருக்கட்டும்" என்று. எந்தத் தம்பியும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டான்.

பெரம்பூர்வாசி:
இங்கே எழுதியதை வைத்து இரண்டு மனுவும் கொடுத்துவிட்டோம். வரியைக் கட்டிவிட்டோம், ஊக்கத்தொகைக் கழிவும் கிடைத்தது. பெயர் மாற்றம் முடிந்து புதிய பில் வந்துவிட்டது. பயன்பாட்டுக்கு அளக்க வந்தார்கள். ஐயா சொன்னபடி அளவை எழுதி வைத்துக்கொண்டேன். கூடம் 148 சதுர அடி என்று வந்தது. ஆணை இன்னும் வரவில்லை.

ஒரு கேள்வி. குடிநீர் வாரியத்திலிருந்து தனியாக ஒரு பில் வருகிறது. அதிலும் விற்றவர் பெயர்தான். சொத்து வரியில் மாறியதால் அதுவும் தானாக மாறுமா?

பழைய பில் கலெக்டர்:
மாறாது. சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரியைக் குடிநீர் வாரியம் தனியே வசூலிக்கிறது. மாநகராட்சி போட்ட அதே ஆண்டு மதிப்பை வைத்துத்தான் அவர்களும் கணக்கிடுகிறார்கள். அதனால் தையல் கடைக்குரிய மதிப்பு அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கும். பயன்பாட்டு மாற்ற ஆணை கைக்கு வந்ததும் அதன் நகலையும் புதிய சொத்து வரி ரசீதையும் வைத்து வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் பெயரையும் ஆண்டு மதிப்பையும் ஒரே நேரத்தில் மாற்றக் கேளுங்கள். ஆணை வரும் வரை அந்தப் பில்லையும் கட்டிக்கொண்டே இருங்கள். ஆணையில் மாற்றம் எந்த அரையாண்டு முதல் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நீங்கள் மனு கொடுத்த அரையாண்டு இல்லாமல் அடுத்ததைப் போட்டிருந்தால், மனுவின் ஒப்புகைச் சீட்டை இணைத்து எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.